மூடிய பெட்டிக்குள் இருந்த குறை



விற்கும் பொருளில் உள்ள குறையை மறைப்பது கூடாது என்பதை நாம் பல ஆண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வருகின்றோம். வாங்கிய பொருளில் குறை கண்டால் அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு கிதாபுகள் இதனைக் ‘கியாருல் ஐப்’ என்று அழைக்கின்றன. அப்பாடத்தை ஆண்டுதோறும் விளக்கிய எமது நாவுக்கு 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சோதனை வந்தது. அது ஒரு பழைய டபிள் கெப் வாகனத்தின் கியர் பொக்ஸ் உருவில் வந்தது. அப்போது நாம் நடந்துகொண்ட விதத்தையும், நடக்கத் துணிந்த விதத்தையும் மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது மத்ரஸா அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் உள்ளது. அதன் வாகனம் தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். 2.8 லீட்டர் டீசல் இயந்திரமும் ஐந்து கியர்களும் கொண்டது. வேண்டும்போது நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். அறுவடைக் காலத்தில் வயல்களிலிருந்து ஸகாத் நெல்லை ஏற்றி வருவதும், சமையலுக்கு விறகு கொண்டுவருவதும், காய்ச்சல் கண்ட பிள்ளையை நடுச்சாமத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் அதன் வேலை. மாரியில் வீதிகளை வெள்ளம் மூடும்போது ஊரவர்களும் அதனைத்தான் தேடி வருவார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்த துயரத்தை எமது மாவட்டம் மறக்கவில்லை. அல்லாஹ் அப்பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. அந்நாளிலிருந்து, பிள்ளைகளை ஏற்றும் வாகனத்தில் எழும் சிறு சத்தத்தைக்கூட எமது நிர்வாக சபை அலட்சியம் செய்வதில்லை.

ஜனவரி மாதத்தில் அப்படியொரு சத்தம் எழுந்தது. வாகனம் ஓடும்போது அடியிலிருந்து மாவு அரைக்கும் ஆலையைப் போன்ற ஓர் இரைச்சல் வந்தது. எமது ஊரின் கராஜில் வேலை செய்யும் மூத்த மெக்கானிக் காக்காவிடம் கொண்டு சென்றோம். அவர் வாகனத்தைத் திறக்கவில்லை. தாமே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “மௌலவி, நாலாம் கியர்ல மட்டும் சத்தம் அடங்குது, கவனிச்சீங்களா?” என்று கேட்டார். நாம் கவனித்திருக்கவில்லை.

அவர் விளக்கியபோது எமக்கு வியப்பாக இருந்தது. இயந்திரத்திலிருந்து வரும் தண்டும் சில்லுகளை நோக்கிப் பின்னால் செல்லும் தண்டும் நான்காம் கியரில் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. மற்றைய கியர்களில் அவ்வாறில்லை. விசை கீழே இருக்கும் துணைத்தண்டுக்கு இறங்கி, அங்கிருந்து மீண்டும் மேலே ஏறியே பின்னால் செல்கிறது. பாரம் துணைத்தண்டின் வழியே செல்லாத கியரில் சத்தம் அடங்குகிறது என்றால், பிழை துணைத்தண்டைத் தாங்கும் பெயாரிங்கில் இருக்கிறது என்று பொருள். பின்னர் அவர் கியர் ஒயிலைப் பழைய தாச்சியொன்றில் வடித்து, அதற்குள் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தார். உருக்குத் துகள்கள் மயிர்போல் ஒட்டி வந்தன. “காந்தத்துல ஒட்டினா பெயாரிங், இல்லாட்டிப் பல்லுச் சக்கரம். ஒட்டாம மஞ்சளா மினுங்கினா அது பித்தளை, சின்க்ரோ வளையம். ஒயில் பொய் சொல்லாது மௌலவி” என்றார்.

துணைத்தண்டின் பற்களும் உரியத் தொடங்கியிருந்தன. அதனைப் புதிதாக வாங்கினால் அதனோடு கடிபடும் சக்கரங்களையும் சேர்த்து மாற்றவேண்டும். அச்செலவைவிடப் பாவித்த முழுப் பெட்டியொன்றை வாங்கிப் பூட்டுவது இலாபம் என்று அவர் கணக்கிட்டார். வேறு வாகனம் வாங்குவது பற்றி நிர்வாக சபையில் ஒருவர் கேட்டார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் பாவனைக்குத் திறக்கப்பட்டது. திறக்கப்பட்ட பின்னரும் வரியோடு சேர்ந்த விலை எம்மைப் போன்ற மத்ரஸாவுக்கு எட்டும் தொலைவில் இல்லை. ஆகவே கியர் பொக்ஸை மாற்றுவது என முடிவாயிற்று. சபை மூன்று இலட்சம் ரூபாயை ஒதுக்கியது. பழைய பெட்டியை விற்றால் தொண்ணூறாயிரம் ரூபாய் திரும்ப வரும் என்று பொருளாளர் ஹாஜியார் சபைக்கு உறுதியளித்தார். இந்தத் தொண்ணூறாயிரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

நாமும் மெக்கானிக் காக்காவும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குச் சென்றோம். மருதானையில் ஸுபஹ் தொழுதுவிட்டு, கடைகள் திறக்கும் நேரத்தில் பஞ்சிகாவத்தைக்கு நடந்தோம். நாட்டின் எந்த மூலையில் வாகனம் பழுதானாலும் பாகம் தேடி வரும் இடம் அது. ஜப்பானிலிருந்து வந்த இயந்திரங்களும் கியர் பொக்ஸ்களும் கடை வாசல் வரை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். டீசல் இயந்திரத்தோடு பொருந்தும் முன்கூடு இருக்கிறதா, நான்கு சில்லுகளுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி சேர்ந்திருக்கிறதா என்று காக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்ரோல் வாகனத்தின் பெட்டியோ இரு சில்லு இழுக்கும் வாகனத்தின் பெட்டியோ அப்படியே எமது வாகனத்தில் ஏறாது. முடிவில் ஒரு பெட்டி கிடைத்தது. விலை இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தோம், மெதுவாகச் சுழன்றது. ஒயில் முழுவதும் வடிக்கப்பட்டிருந்தது. அதாவது, பொய் சொல்லாத சாட்சி அங்கிருந்து முன்பே அனுப்பப்பட்டுவிட்டது. பற்றுச்சீட்டின் அடியில் ‘இருந்தபடி விற்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். நாமும் வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தோம்.

பெட்டியைப் பூட்டும் வேலையை மேல்வகுப்பு மாணவர்கள் சிலரும் பார்க்க வந்தனர். முதலில் பற்றரியின் கம்பி கழற்றப்பட்டது. வாகனத்தின் உள்ளிருந்து கியர்த் தடிகள் இரண்டும் உருவப்பட்டன. முன்னாலும் பின்னாலும் செல்லும் நீண்ட ஷாஃப்டுகள் இரண்டையும் கழற்றுமுன், அவை பூட்டியிருந்த நிலையைக் காக்கா வெள்ளைப் பெயின்ற்றால் கோடிட்டு வைத்தார். கோடு மாறிப் பூட்டினால் ஓட்டத்தில் அதிர்வு வரலாம் என்றார். இயந்திரத்தின் பின்பகுதிக்கு ஜக் கொடுத்து, குறுக்குச் சட்டத்தை எடுத்து, பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுத்து இறக்கினார்கள். பெட்டி வெளியே வந்ததும், திறந்த இடத்தில் செய்யவேண்டிய மற்ற வேலைகளையும் முடித்தார். கிளட்ச் பிளேட்டும், கிளட்சை அழுத்தும் பெயாரிங்கும், இயந்திரத்தின் பின் சீலும் மாற்றப்பட்டன. “இவ்வளவும் கழட்டின பொறகு ஒரு சீலுக்குக் கஞ்சத்தனம் பண்ணினா, ரெண்டாந்தரம் எல்லாத்தையும் கழட்டணும்” என்பது அவரது வாதம். புதிய பெட்டியை ஏற்றும்போது அது கடைசி இரண்டு விரற்கடை அளவில் தடைப்பட்டது. ஓர் இளைஞர் ஆணியை முறுக்கி இழுக்க முனைந்தார். காக்கா தடுத்தார். ஆணியால் இழுத்தால் கூடு வெடித்துவிடும். தண்டைச் சிறிது திருப்பி, பல் பொருந்தும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார். சிறிது திருப்பியதும் அது தானாகச் சென்று அமர்ந்தது. ஊற்றும் துவாரத்தின் விளிம்பில் வழியும்வரை ஒயில் விட்டார்கள்.

அஸருக்குப் பின் வாகனம் வீதிக்கு வந்தது. இரைச்சல் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றியபோது ‘கரகர’வென்று பல் உரசியது. மீண்டும் மாற்றினோம், மீண்டும் உரசியது. மேட்டில் ஏறும்போது மூன்றாம் கியர் தானாகவே வெளியே பாய்ந்தது. கராஜுக்குத் திரும்பி, வடித்த ஒயிலைப் பார்த்தோம். ஒரே நாளில் அதில் மஞ்சள் துகள்கள் மினுங்கின.

மறுநாள் வகுப்பில் அதுவே பாடமாயிற்று. ஒரு மாணவர், “உஸ்தாத், பெட்டியைப் பூட்டி ஓட்டிய பிறகுதானே குறை தெரிந்தது, இனித் திருப்பிக் கொடுக்க முடியுமா?” என்று கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகள் முட்டையையும் தேங்காயையும் உதாரணமாகக் காட்டுகின்றன. உடைத்தால் மட்டுமே அவற்றின் குறை தெரியும். அந்த அளவுக்கு உடைத்தது திருப்பிக் கொடுப்பதைத் தடுக்காது. இன்னொருவர், “இருந்தபடி என்று எழுதியிருக்கிறார்களே?” என்றார். அதற்கும் மத்ஹபில் பதில் உண்டு. எக்குறைக்கும் தாம் பொறுப்பல்லர் என்று விற்பவர் நிபந்தனை இட்டாலும், உயிர்ப்பிராணியில் அவர் அறியாத மறைவான குறையில் மட்டுமே அந்நிபந்தனை அவரைக் காக்கும் என்பதே வலுவான கருத்து. பிராணி தீனி தின்னும், நடமாடும். அதன் உள்நோய் வளர்ப்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம். மற்றைய பொருள்களில் அந்த நிபந்தனை பொறுப்பை நீக்காது. “கியர் பொக்ஸ் பிராணி இல்லையே உஸ்தாத்!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம்.

ஆயினும் எமது உள்ளம் சிரிக்கவில்லை. கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினோம். பார்த்துத்தானே எடுத்தீர்கள், இருந்தபடி என்று எழுதித்தானே தந்தோம் என்று கடைக்காரர் சொன்னார். மீண்டும் மீண்டும் கேட்டபோது, பெட்டியைக் கழற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். வயல்களில் பெரும்போக அறுவடை தொடங்கியிருந்தது. லொறிக் கூலியும் இன்னொரு வாரத் தாமதமும் எம்மைத் தடுத்தன. அவ்வார ஜும்ஆ பயானில் மோசடி வியாபாரிகளைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசினோம். ஈரமான தானியத்தைக் குவியலுக்குள் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதனை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவத்தைக் குரலை உயர்த்திச் சொன்னோம். பெயர் எதனையும் குறிப்பிடவில்லை. ஆனால் எமது கோபம் யாரைக் குறித்தது என்பதை அல்லாஹ் அறிவான்.

மெக்கானிக் காக்கா ஒரு வழி சொன்னார். எமது பழைய பெட்டியில் துணைத்தண்டுதான் கெட்டது. மூன்றாம் கியரின் சின்க்ரோ வளையமும் அதன்மேல் நகரும் ஸ்லீவும் நன்றாக இருந்தன. அவற்றை எடுத்துப் புதிய பெட்டியில் போடலாம். நாம் சம்மதித்தோம். அப்படிச் சம்மதித்ததோடு திருப்பிக் கொடுக்கும் உரிமையை நாமே கைவிட்டோம் என்பதையும் மாணவர்களிடம் ஒப்புக்கொண்டோம். குறை தெரிந்ததும் தாமதியாமல் திருப்ப வேண்டும். பாகத்தை மாற்றிப் பாவிக்கத் தொடங்கிய பின் அந்த வழி மூடிவிடும். இரண்டு நாளில் வேலை முடிந்தது. வாகனம் சத்தமின்றி ஓடியது. மூன்றாம் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் விழுந்தது. நெல் மூடைகள் வீடு வந்தன.

அத்துடன் கதை முடிந்திருந்தால் நாம் இதனை எழுதியிருக்க மாட்டோம். கராஜின் மூலையில் பழைய பெட்டி மிஞ்சியிருந்தது. கொழும்புப் பெட்டியிலிருந்து கழற்றிய தேய்ந்த வளையத்தையும் ஸ்லீவையும் அதற்குள் வைத்து மூடியிருந்தார்கள். ஒரு குறையோடு வெளியே வந்த பெட்டிக்குள் இப்போது இரண்டு குறைகள் இருந்தன. இரண்டாவது குறை எமது கண் முன்னே, எமது சம்மதத்தோடு வைக்கப்பட்டது. வெளியே டீசலால் கழுவித் துடைத்திருந்ததால் பெட்டி புதிதுபோல் மின்னியது. கராஜில் நின்ற ஒருவர், “கொஞ்சம் கட்டியான ஒயில் ஊத்தி வைங்க மௌலவி, கையால சுத்தினா ஒண்ணும் தெரியாது” என்று ஆலோசனை சொன்னார். நாம் அதனை மறுத்தோம். மறுத்ததில் எமக்கு ஒரு திருப்தியும் இருந்தது. நாம் மோசடி செய்பவர்கள் அல்லர் என்ற திருப்தி அது.

ஷஃபான் மாதத்தின் கடைசி வாரத்தில், திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் விவசாயி வந்தார். அவரிடமும் எமது வாகனத்தைப் போன்ற ஒன்று இருந்தது. வயற்பாதையில் கல்லில் அடிபட்டு அதன் கியர் பொக்ஸின் கூடு வெடித்துவிட்டது. எம்மிடம் பெட்டி இருப்பதைக் கேள்விப்பட்டுப் பணத்தோடு வந்திருந்தார். காக்கா அன்று கராஜில் இல்லை. விவசாயி பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து கூட்டைத் தடவிப் பார்த்தார். நாம் தொண்ணூறாயிரம் என்றோம். அவர் பேரம் பேசவில்லை. “மௌலவி, பெட்டி நல்லம்தானே?” என்று மட்டும் கேட்டார். நாம் வாய் திறக்குமுன் அவரே, “நீங்க பிள்ளையளுக்கு ஓதிக்குடுக்கிற ஆள். நீங்க சொன்னாச் சரி. நான் திறந்து பார்க்கமாட்டன்” என்றார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இதனை எழுத வெட்கமாக இருக்கின்றது, ஆயினும் எழுதுகின்றோம். பத்து வரை எண்ணும் நேரம் நாம் மௌனமாக நின்றோம். அந்நேரத்தில் எமது நப்ஸ் எம்மிடம் பேசிய பேச்சு முழுவதும் மார்க்கத்தின் மொழியிலேயே இருந்தது. இது உனது பணமன்று, மத்ரஸாவின் பணம். அதற்கு நல்ல விலை பெற்றுக்கொடுப்பது பொறுப்பாளரின் கடமையல்லவா என்றது. இந்த வாகனம் வக்ஃபுப் பொருள் அன்று, நன்கொடையில் வாங்கிய மத்ரஸாவின் உடைமை. அதன் பாகத்தை விற்பதில் தடையேதும் இல்லை என்றது. பழைய பொருள் என்றால் குறை இருக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியாதா என்றது. கொழும்பில் ஏமாந்தாயே, அந்த இழப்பை வேறெப்படி ஈடு செய்வாய் என்றது. கடைசியாக, நீ பொய் சொல்ல வேண்டியதில்லை, ‘இருந்தபடி’ என்று மட்டும் சொல்லிவிடு என்றது.

அந்தச் சொல்தான் எம்மை உலுக்கியது. இரண்டு வாரங்களுக்கு முன் அதே சொல்லை எதிர்த்து நாம் வகுப்பில் பேசியிருந்தோம். மிம்பரில் குரலை உயர்த்தியிருந்தோம். கட்டியான ஒயிலை மறுத்த எமக்கு, மௌனமும் அந்த ஒயிலைப் போன்றதே என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஐயா, பெட்டி நல்லதல்ல” என்றோம். துணைத்தண்டின் பெயாரிங் போய்விட்டதையும், அதன் பற்கள் உரிந்திருப்பதையும் சொன்னோம். மூன்றாம் கியரின் வளையமும் தேய்ந்தது என்றும், அதனை நாமே உள்ளே வைத்து மூடினோம் என்றும் சொன்னோம். அவர் எமது முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். எடுத்த பணத்தை மீண்டும் சட்டைப் பைக்குள் வைத்தார். “யோசிச்சுச் சொல்லுறன்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். முதலில் ஏன் மௌனமாக நின்றோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை.

அன்று மஃரிபுக்குப் பின் பொருளாளர் ஹாஜியாரிடம் சொன்னோம். அவர் நல்ல மனிதர். இரவும் பகலும் மத்ரஸாவின் கணக்கோடு போராடுபவர். “மௌலவி, ஒங்கட பணமெண்டா நீங்க தாராளமா விட்டுக் குடுக்கலாம். இது மத்ரஸாவோட பணமில்லியா?” என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. பிறருடைய பொருளைக் கொண்டு நாம் பேணுதலானவர் என்ற பெயரைச் சம்பாதிப்பது இலகு. அமானிதத்தைச் சுமப்பவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நாம் சொன்ன பதில் இதுதான். குறையை மறைத்து விற்றால் விற்பனை நிறைவேறிவிடலாம். மறைத்த பாவம் ஒருபுறம் இருக்கட்டும். ஆனால் வாங்கியவரின் உரிமை அப்பணத்தின்மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். குறையைக் கண்ட நாளில் அவர் பெட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கலாம். நாளை திருப்பிக் கேட்கப்படக்கூடிய பணத்தில் இன்று பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கலாமா? அப்பணம் மத்ரஸாவின் கைக்கு வந்து நாம் விட்டுக்கொடுத்ததன்று. அது மத்ரஸாவின் பணமாக ஒருபோதும் இருக்கவில்லை. பழைய பெட்டியின் உண்மையான விலை எதுவோ அதுவே மத்ரஸாவுக்கு உரியது. தொண்ணூறாயிரம் என்பது குறை இல்லாத ஒரு பெட்டியின் விலை. அத்தகைய பெட்டி எம்மிடம் இருக்கவில்லை. ஹாஜியார் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “சபைக்கு நான்தான் தொண்ணூறு எண்டு சொன்னேன்” என்றார். அவரது கவலை அதுதான் என்பது எமக்கு அப்போது விளங்கியது. சபையில் நாமே விளக்கம் சொல்வதாக வாக்களித்தோம்.

ரமழான் பிறந்து சில நாட்களின் பின், ஓர் அஸர் நேரத்தில் அந்த விவசாயி மீண்டும் வந்தார். இம்முறை தமது மெக்கானிக்கையும் அழைத்து வந்திருந்தார். அவருடைய பெட்டியில் வெடித்தது கூடு மட்டும்தான். உள்ளேயிருந்த துணைத்தண்டும் வளையங்களும் நல்ல நிலையில் இருந்தன. எமது பெட்டியில் கெட்டது உட்பாகங்கள். கூடும் டிரான்ஸ்ஃபர் பெட்டியும் நன்றாக இருந்தன. எமது கூட்டுக்குள் தமது பாகங்களை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கணக்கிட்டு வந்திருந்தார்கள். எந்தப் பாகம் கெட்டது என்று நாம் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கணக்கை அவர்களால் போட்டிருக்க முடியாது. பெட்டியை அங்கேயே திறந்து, நாம் சொன்னது சரிதானா என்று பார்த்தார்கள். எம்மை நம்பித் திறந்து பார்க்கமாட்டேன் என்றவர் இப்போது திறந்து பார்த்தார். அதில் எமக்குச் சிறு வருத்தம் ஏற்பட்டதை மறைக்கவில்லை. ஆனால் பார்த்து வாங்குவதே முறை. நாற்பத்தையாயிரத்துக்கு விலை முடிந்தது. நாம் நோன்பு என்பதால், எமது மாணவர் கொண்டுவந்த தண்ணீரை அவர்கள் இருவரும் அருந்தவில்லை.

ஹாஜியார் கணக்குப் புத்தகத்தில் அந்த வரவை எழுதினார். பழைய கியர் பொக்ஸ், குறை கூறி விற்றது, 45,000 ரூபாய் என்று எழுதியிருந்தார். ‘குறை கூறி விற்றது’ என்ற சொற்களை எழுதும்படி நாம் கேட்கவில்லை.

கொழும்பு வியாபாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் குறையை அறிந்து மறைத்தாரா என்பது எமக்குத் தெரியாது. எங்கோ ஒரு வாகனத்திலிருந்து கழற்றப்பட்டு, கப்பலில் வந்து இறங்கிய பெட்டி அது. அதனை அவர் ஒருபோதும் ஓட்டிப் பார்த்திருக்கமாட்டார். அவ்வாறிருந்தும் மிம்பரில் நாம் அவரை மோசடிக்காரராகவே எண்ணிப் பேசினோம். கியாருல் ஐபின் அழகு இங்கேதான் இருக்கின்றது. விற்றவர் பொய்யர் என்று நிரூபிக்கும்படி அது வாங்கியவரைக் கேட்பதில்லை. பொருளில் குறை முன்பே இருந்தது என்பது போதும், உரிமை கிடைத்துவிடும். எவருடைய மானத்தையும் கெடுக்காமல் நீதி செய்யும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் கோபத்தின் பின்னால் சென்றோம். எமது மனக்கசப்பை இப்போது விட்டுவிட்டோம். பணத்தையும் ஹலாலாக்கிவிட்டோம் என்று சொல்லமாட்டோம். அது எம்முடைய பணம் அன்று.

மாறாக, எமது பெட்டியின் இரு குறைகளையும் நாம் ஐயமின்றி அறிந்திருந்தோம். அறிந்த நிலையில் பத்து எண்ணும் நேரம் மௌனமாக நின்றவர்கள் நாம். யார் தராசில் அதிகம் நிற்கவேண்டியவர் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

பழைய வாகனமோ பாகமோ வாங்கும் குடும்பங்களுக்கு எமது அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். அறிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாகனத்தை நான்காம் கியரில் நேர் வீதியில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள்; எல்லாக் கியர்களிலும், ஒரு மேட்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஒயிலை வடித்துக் காட்டும்படி கேளுங்கள். ‘இருந்தபடி’ என்ற சொல்லைப் பற்றுச்சீட்டில் கண்டால், பணத்தைக் கொடுக்கும் முன், எந்தக் குறை இருந்தால் திருப்பி எடுப்பீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். குறை தெரிந்தால் அன்றே அறிவியுங்கள். நீங்கள் விற்பவராக இருந்தால், வாங்குபவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முந்திச் சொல்லுங்கள். அவர் உங்களை நம்பிக் கேளாமல் விடுவாராயின், அப்போதுதான் நீங்கள் மிகவும் பயந்துகொள்ள வேண்டும்.

உரிந்த பற்கள் கொண்ட அந்தத் துணைத்தண்டை விவசாயியின் மெக்கானிக் கராஜிலேயே விட்டுச் சென்றார். காக்கா அதனைக் கழுவி எம்மிடம் தந்தார். இப்போது அது எமது வகுப்பறையில், ஃபிக்ஹு கிதாபுகள் இருக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றது. இவ்வருடம் அப்பாடத்தை ஓதிக்கொடுத்தபோது அதனை மாணவர்களின் கைகளில் கொடுத்தோம். பாரமாக இருக்கிறது உஸ்தாத் என்றார்கள்.

யா அல்லாஹ்! எமது வாயால் ஓதியதை எமது கையால் செய்யும் பாக்கியத்தைத் தருவாயாக. பிறருடைய பொருளை எம்மிடம் அமானிதமாகத் தந்திருக்கும் நிலையில், அதனைக் கொண்டு எம்மைச் சோதனையில் வீழ்த்திவிடாதே. எமது கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.